கிரீன் ரீடிங்: தமிழில் ‘வாட்டம் பார்த்தல்’

மொட்டைமாடிக்குத் தட்டோடு பதித்துப் பூச்சு இறுகியதும், காட்பாடியானாலும் குடியாத்தமானாலும் மேஸ்திரி முதலில் கேட்பது ஒரு குடம் தண்ணீர். அதைத் தளத்தின் உச்சியில் கவிழ்த்துவிட்டு, “எந்தாண்ட ஓடுது பாரு” என்று சித்தாளிடம் சொல்லிக் குந்தியபடி பார்ப்பார். மழைநீர்க் குழாயை நோக்கி நழுவினால் வாட்டம் சரி. நடுவில் குட்டையாக நின்றால், அன்றைய கூலி யாருக்கு நஷ்டம் என்ற பேச்சு ஆரம்பமாகும்.

கோல்ஃப் ஆட்டத்தில் கிரீன் ரீடிங் என்பதும் இந்த வேலைதான். குடம் தண்ணீர் மட்டும் கிடையாது. குழி வெட்டியிருக்கும், ஒட்ட நறுக்கிய புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். அங்கே பந்தை உருட்டி அடிப்பது புட். அடிப்பதற்கு முன், தரை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது, பந்து எவ்வளவு விலகி ஓடும், எங்கே குறிவைக்க வேண்டும் என்று முடிவெடுப்பதே ரீடிங்.

சொல்லின் வேர்களை ஒன்றொன்றாகப் பார்க்கலாம். கிரீன் என்ற சொல் தொடக்கத்தில் குழியைச் சுற்றிய தரையை மட்டும் குறிக்கவில்லை. ஆடுகளம் முழுவதற்கும் அதுதான் பெயர். களத்தில் ஆடக் கட்டும் பணத்தை இன்றும் கிரீன் ஃபீ என்பதும், புல் பராமரிப்பவரைக் கிரீன்கீப்பர் என்பதும் அந்தப் பழைய பொருளின் மிச்சம். புட் என்பது தள்ளு, வை என்ற பொருள் கொண்ட சொல்லின் ஸ்காட்லாந்து வடிவம். கோல்ஃபே ஸ்காட்லாந்துச் சரக்கு. வில்வித்தைப் பயிற்சியைக் கெடுக்கிறது என்று 1457-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இந்த ஆட்டத்துக்குத் தடை போட்டது.

மூன்றாவது சொல்லான ‘ரீட்’ சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு யோசனை சொல், ஊகி, விடுகதையை அவிழ் என்று பொருள். எழுத்தைப் படிப்பது பின்னால் வந்து சேர்ந்தது. ஜெர்மனில் அதன் உடன்பிறப்பான ‘ராட்டன்’ இன்றும் ஊகிப்பதையும் யோசனை சொல்வதையும்தான் குறிக்கிறது. ஆகவே ‘பச்சை வாசிப்பு’ என்று மொழிபெயர்ப்பது இரண்டு பக்கமும் பிசகு: கிரீன் நிறமும் இல்லை, ரீட் வாசிப்பும் இல்லை. ‘தரைக் கணிப்பு’ பரவாயில்லை. ஆனால் அது மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலை மாதிரி ஒலிக்கிறது.

தமிழில் இப்படிப்பட்ட இடத்துக்கு நிற்கும் வினை ‘பார்’. வைத்தியர் நாடி பார்க்கிறார். கிணறு வெட்டும் முன் நீரோட்டம் பார்க்கிறார்கள். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறார்கள். யாரும் பல்லை வாசிப்பதில்லை. கண், கை, அனுபவம் மூன்றும் சேர்ந்த முடிவுக்குத் தமிழ் ஏற்கெனவே வைத்திருக்கிற வினை இது. அதனுடன் மேஸ்திரியின் ‘வாட்டம்’ சேர்ந்தால் வேலை முடிந்தது: வாட்டம் பார்த்தல். முகவாட்டம், பயிர் வாட்டம் என்பவற்றில் வருவது வாடு என்ற வினையிலிருந்து வந்த சொல், பொருள் வேறு. தண்ணீர், தளம், சாக்கடை என்று பேச்சு வந்தால் வட ஆற்காட்டில் யாருக்கும் குழப்பம் வராது. ‘சரிவு’ என்றும் சொல்லலாம்தான். ஆனால் சரிவு மலைக்கும் விலைவாசிக்கும் பொது. வாட்டம் என்றால் எதுவோ ஓட வேண்டிய சரிவு. பந்தும் ஓடுகிற பொருள்தானே.

உடன் வரும் சொற்களையும் இங்கேயே முடித்துவிடலாம். பிரேக் என்பதற்கு விலகல். குழிக்கு மேலே இருக்கும் பக்கம் மேட்டுப்பக்கம், கீழே இருப்பது பள்ளத்துப்பக்கம். கிரெயின் என்பது புல் படிந்திருக்கும் திசை, புல்சாய்வு எனலாம். வெப்ப நாடுகளின் கிரீன்களில் பரவலாக இருக்கும் பெர்முடா புல் வேறொன்றுமில்லை, நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகின் இனம். அறுகு படுத்து வளரும். அது படிந்த திசையில் பார்த்தால் தரை வெள்ளையாக மினுக்கும், பந்து வேகமாக ஓடும். எதிர்த்திசையில் பார்த்தால் கரும்பச்சை, பந்து தயங்கும்.

இனி அளவு. வாட்டத்தைச் சதவீதத்தில் சொல்வது கோல்ஃப் வழக்கம்: 100 அடிக்கு 1 அடி இறங்கினால் 1 சதவீதம். மேஸ்திரி கணக்கில் 10 அடிக்கு 1 அங்குலம் ஒன்றரை நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்). நாம் நடக்கும் மொட்டைமாடியின் வாட்டம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். குழியைச் சுற்றி பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதத்துக்குள் இருக்கும். பார்வைக்கு ஒன்றுமே இல்லாதது போன்ற அந்த 1 சதவீதம் என்ன செய்யும்?

பத்தடித் தூர புட், குறுக்கே 1 சதவீத வாட்டம், கிரீனின் வேகம் ஸ்டிம்ப் 10 (இந்த அளவுக்கு விளக்கம் அடுத்த பத்தியில்) என்று வைத்து, உராய்வையும் புவியீர்ப்பையும் கணக்கிட்டால், குழியை ஓரடி தாண்டி நிற்கும் வேகத்தில் அடித்த பந்து சுமார் 6 அங்குலம் விலகும். குழியின் வாய் 4¼ அங்குலம். ஒன்றரைக் குழி அகலம் தள்ளிக் குறிவைக்க வேண்டும். இதே பந்தைக் குழியின் விளிம்பில் உயிரை விடும் மெதுவில் அடித்தால் ஏழரைக்கு மேல் விலகும். மூன்றடி தாண்டும் வேகத்தில் அடித்தால் நாலேகால்தான். வாட்டம் மாறவில்லை, அடியின் வேகம் மட்டும் மாறியது. வேகத்தைச் சொல்லாமல் “இவ்வளவு விலகும்” என்று சொல்வதில் பொருளே இல்லை என்பதை வாட்டம் பார்க்கும் முறைகளை விற்பவர்கள் கடைசிப் பாடத்தில்தான் சொல்கிறார்கள்.

ஸ்டிம்ப் என்பது கிரீனின் வேக அளவு. 1935-இல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் உருவாக்கிய கருவி. 1970-களில் அமெரிக்க கோல்ஃப் சங்கம் திருத்தி வெளியிட்டது. 36 அங்குல நீளச் சட்டம், நடுவில் பள்ளம், ஒரு முனையிலிருந்து 30 அங்குலத்தில் ஒரு வெட்டு. வெட்டில் பந்தை வைத்து மறுமுனையை மெல்லத் தூக்கினால் சுமார் 20 டிகிரியில் பந்து தானாகக் கழன்று ஓடும். நின்ற இடம் வரை எத்தனை அடியோ அதுதான் ஸ்டிம்ப். விலகல் ஏறத்தாழ இந்த எண்ணுக்கு நேர்விகிதம்: ஸ்டிம்ப் 10-இல் 6 அங்குலம் என்றால் 8-இல் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. காலைப் பனி ஈரத்தில் குறைவாக விலகிய அதே புட், வெயில் ஏறிப் புல் காய்ந்ததும் கூடுதலாக விலகுவது இதனால்தான்.

முறைகளில் இன்று பெயர் பெற்றது எய்ம்பாயின்ட். மார்க் ஸ்வீனி என்பவர் தொலைக்காட்சி ஒளிபரப்பில் பந்து போகும் பாதையைக் கோடாக முன்கூட்டியே காட்டுவதற்காகச் செய்த கணக்கிலிருந்து பிறந்தது. அதன் எளிய வடிவத்தில் கண்ணுக்கு வேலை குறைவு, காலுக்கு அதிகம். பந்துக்கும் குழிக்கும் நடுவில், பந்து ஓடும் கோடு இரு கால்களுக்கு இடையே வரும்படி நின்று, எந்தக் காலில் பாரம் விழுகிறது என்று உணர வேண்டும். அதற்கு 1, 2, 3 என்று எண் கொடுக்க வேண்டும். பிறகு பந்துக்குப் பின்னால் வந்து, ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, எண்ணுக்கேற்ற விரல்களை நிமிர்த்தி, உள்விளிம்பைக் குழியின் நடுவில் பொருத்தினால் மேட்டுப்பக்கத்து வெளிவிளிம்பு காட்டும் இடமே குறி. பத்தடித் தூரத்துக் குழியருகே ஒரு விரல் மறைப்பது நாலு, நாலரை அங்குலம். ஆகவே நடுத்தர வேகக் கிரீனுக்குக் கணக்கு ஓரளவு பொருந்தி வருகிறது. வேகமான கிரீனில் முழங்கையை மடக்கி விரலை முகத்தருகே கொண்டுவர வேண்டும். மறைப்பு அகலமாகும், விலகலும் கூடும்.

பழைய முறை ஒன்று உண்டு: புட் அடிக்கும் மட்டையான புட்டரைக் குண்டுநூல் போலக் கண்ணெதிரே தொங்கவிட்டு, தண்டு பந்தை மறைக்கும்போது குழி எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்ப்பது. இதைக் கைவிடுவதே நல்லது. தொங்கும் தண்டு காட்டுவது செங்குத்தை. உங்கள் கண், பந்து, குழி மூன்றும் ஒரே செங்குத்துத் தளத்தில் இருந்தால், தரை எப்படிச் சாய்ந்திருந்தாலும் தண்டு இரண்டையும் சேர்த்து மறைக்கும். ஆக அது அளப்பது உங்கள் தலை எங்கே இருக்கிறது என்பதை. கொத்தனாரும் குண்டுநூலைச் சுவருக்குத்தான் பிடிப்பார், தளத்துக்கு ரசமட்டம் வைப்பார்.

அமெச்சூர் ஆட்டக்காரருக்கு இந்த முறைகள் உண்மையில் உதவுகின்றனவா? ஓரளவு, அதுவும் ஒரு குறிப்பிட்ட நோய்க்கு. முன்பு நாசாவில் வேலை பார்த்து, பிறகு கோல்ஃப் பயிற்சிக்கு வந்த டேவ் பெல்ஸ் வலியுறுத்தியது இது: பெரும்பாலோர் விலகலை உள்ளதைவிட மிகக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். தவறும் புட் பள்ளத்துப்பக்கமே போகிறது. அந்தப் பக்கத்துக்கு அமெச்சூர் சைடு என்றே பெயர். காலால் உணர்ந்து எண் கொடுப்பவர் குறைந்தது மேட்டுப்பக்கம் தைரியமாகக் குறிவைக்கிறார். கண்ணை ஏமாற்றும் இடங்களிலும் கால் காப்பாற்றும். ஏலகிரி போன்ற மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர்களுக்கு, இறக்கம் போலத் தெரிந்த சாலையில் எஞ்சின் முக்குவது பழக்கமான விஷயம். பின்னால் மலை நிற்கும் கிரீனிலும் கண் அதே பொய்யைச் சொல்லும்.

ஆனால் மீதிக் கணக்கையும் போட வேண்டும். பத்தடியில் புட்டரின் முகம் 1 டிகிரி திரும்பினால் பந்து சுமார் 2 அங்குலம் தள்ளிப்போகும். குழியின் நடுவிலிருந்து விளிம்புக்கு உள்ள தூரமே 2⅛. வாட்டம் துல்லியமாகப் பார்த்தவரின் கை 2 டிகிரி தவறினால் பார்த்ததெல்லாம் வீண். முப்பதடி புட்டில் குறி ஓரடி பிசகினால் மிச்சம் ஓரடி. வேகம் பிசகினால் ஐந்தடி மிஞ்சும். அடுத்தடுத்து மூன்று புட் அடிக்க வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது பிழை. கொலம்பியா பல்கலைப் பேராசிரியர் மார்க் பிராடியின் ஆய்வில், தொழில்முறை ஆட்டக்காரர் பாதிக்குப் பாதி உள்ளே போடும் தூரம் சுமார் 8 அடி. ஓர் ஆட்டத்தை 90 ஸ்ட்ரோக்கில், அதாவது 90 முறை பந்தை அடித்து முடிப்பவருக்கு சுமார் 5 அடி. அந்த மூன்றடி இடைவெளியை விரல் மட்டும் நிரப்பாது. மூன்றடிக்குள் முறை அநேகமாகத் தேவையில்லை, இருபத்தைந்துக்கு மேல் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும். பலன் தெரிவது இடைப்பட்ட தூரத்தில்.

முறை சொதப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் கால்களைப் பழக்காததுதான். 1 என்றால் எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரியாமல் கிரீனில் போய் எண் சொன்னால் அது கிளி ஜோசியம். வீட்டு மாடியிலேயே பழக்கலாம். நாலடி ரசமட்டத்தை வாட்டத்தின் திசையில் வைத்து, தாழ்ந்த முனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். கீழே விழும் இடைவெளி 4 நூல் என்றால் ஏறத்தாழ 1 சதவீதம், ஓரங்குலம் என்றால் 2. அந்த இடத்தில் கண்ணை மூடி, கால்களைத் தோள் அகலம் விரித்து நில்லுங்கள். இடம் மாற்றி முதலில் எண்ணைச் சொல்லிவிட்டுப் பிறகு மட்டம் வைத்துச் சரிபாருங்கள். தடித்த அடிப்பாகமுள்ள செருப்பும், ஒரு காலில் சாய்ந்து நிற்கும் வழக்கமும் எண்ணைக் கெடுக்கும்.

ரசமட்டத்தை ஆட்டத்துக்கு மட்டும் எடுத்துப்போக வேண்டாம். கோல்ஃப் விதி 4.3-இன்படி ஆட்டத்தின் நடுவே சரிவை அளக்கும் கருவிக்குத் தடை. ஸ்ட்ரோக் எண்ணும் ஆட்டத்தில் முதல் முறை இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை, மறுபடி செய்தால் வெளியேற்றம். தரையைத் தேய்த்தோ பந்தை உருட்டியோ சோதிப்பதும் கூடாது. வாட்டம் அச்சிட்ட கிரீன் புத்தகங்களுக்கு 2019 முதல் கட்டுப்பாடு: படத்தில் 15 அடிக்கு 3 நூலைவிடப் பெரிய அளவு கூடாது. ஒரு ஸ்ட்ரோக்குக்கு 40 நொடிக்கு மேல் எடுக்காதீர்கள் என்பது பரிந்துரைதான் என்றாலும், விரலை மூன்று தடவை நீட்டுபவரைப் பின்னால் காத்திருக்கும் நால்வர் மன்னிப்பதில்லை.

வழக்கில் (கப் என்றால் குழி): “சார், வாட்டம் அந்தாண்ட. ஒன்றரைக் கப் இந்தாண்ட பிடிங்க, மெதுவா.” “வாட்டம் சரியாத்தான் பார்த்தார், அடிதான் மூணடி தாண்டிடுச்சு.” “பனி காயட்டும்; காலையில பார்த்த வாட்டம் மத்தியானத்துக்கு ஆகாது.”