ரிம் வாங்கும் முன் நடுத் துளையைப் பாருங்கள்

வாகனம் எது என்று தெரிந்தால், அதன் சொந்தக்காரர் என்ன ரிம் கேட்பார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வேகன் ஆர், விட்ஸ், அக்வா வைத்திருக்கும் இளம் பெடியன்களுக்குக் கறுப்பு அல்லது வெண்கல நிறத்தில், தடித்த ஆறு ஸ்போக் ரிம். பிரிமியோ, அலியன்காரர் வெள்ளி நிறத்தை விட்டு நகரமாட்டார். கம்பனியிலேயே பூட்டி வந்த மாதிரி இருக்கவேண்டும் அவருக்கு. ஹையேஸ் வான்காரருக்கு 17, 18 அங்குலத்தில் குரோம் மினுங்கவேண்டும். ஹைலக்ஸ் என்றால் டயர் மட்கார்டுக்கு வெளியே தள்ளி நிற்கவேண்டும். பழைய கேஈ70 கொரொல்லாவைப் பொத்திப் பொத்திப் பராமரிக்கிறவர்களும் திருகோணமலையில் இன்னும் இருக்கிறார்கள். எட்டு ஸ்போக், 13 அல்லது 14 அங்குலம், அதற்கு மேல் வேண்டவே வேண்டாம் என்பார்கள். ரசனையில் நான் இவர்கள் பக்கம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதற்கிடையில் கையில் இருக்கிற வாகனத்தையே அழகுபடுத்திப் பார்க்கும் ஆசை பலருக்கும் வந்துவிட்டது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. எலைன்மென்டும் பேலன்சிங்கும் என் தொழில். நல்ல ரிம் பூட்டிய வாகனம் வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் டிசைனையும் நிறத்தையும் அங்குலத்தையும் பார்த்துக் காசைக் கொடுத்துவிட்டு, ஆட்களைச் சுமக்கப்போகிற அளவுகளை ஒருவரும் கேட்காமல் வருவதுதான் மனதை உறுத்துகிறது.

பிசிடி அளவை, அதாவது நட் துளைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டத்தை, இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். அக்வா, வேகன் ஆர், ஹொண்டா ஃபிட் எல்லாம் நாலு துளை 100 மி.மீ. ஹொண்டா வெசல் ஐந்து துளை 114.3. அது பொருந்தாவிட்டால் ரிம் ஏறவே ஏறாது, ஆகவே தப்ப வழியில்லை. நடுத் துளை அப்படியில்லை. பொருந்தாவிட்டாலும் ரிம் ஏறிவிடும். ரிம்மின் நடுத் துளை உட்காரும் அச்சின் நடுப்பகுதிதான் ஹப். அக்வாவுக்கு அது 54.1 மி.மீ., ஃபிட்டுக்கு 56.1. வெளிச் சந்தை ரிம்களைப் பல வாகனங்களுக்கும் போகட்டும் என்று 73.1 மி.மீ. அளவில் பெரிதாகக் குடைந்து விற்பார்கள். அக்வாவில் அதைப் பூட்டினால் சுற்றிவர ஒவ்வொரு பக்கமும் 9.5 மி.மீ. வெற்றிடம். ரிம்மை நடுவில் நிறுத்தும் வேலை முழுக்க நட்டுகளின் தலையில் விழுகிறது. முதல் நட்டையே இம்பக்ட் கன் என்ற இறுக்கும் மெஷினால் முழுசாக இறுக்கினால் ரிம் ஒரு பக்கம் சற்று ஒதுங்கி உட்கார்ந்துவிடும். நகரத்துக்குள் ஓடும்போது ஒன்றும் தெரியாது. கந்தளாய் தாண்டி ஹபரணை நேர்ப்பாதையில் 80, 90ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். பேலன்சிங் சரியில்லை என்று எங்களிடம் வருவார்கள். மெஷினில் ஏற்றினால் கணக்கு சரியாகவே இருக்கும்.

இதற்குத் தீர்வு ஹப் ரிங். 73.1க்கு 54.1 என்று கேட்டு வாங்கக்கூடிய சின்ன வளையம். ரிம் விலையோடு பார்த்தால் ஒரு செலவே இல்லை. அலுமினியத்திலும் வரும், கெட்டியான பிளாஸ்டிக்கிலும் வரும். கடலோர ஊருக்கு நான் பிளாஸ்டிக்கைத்தான் சொல்வேன். அலுமினிய வளையம் இரும்பு ஹப்போடு உப்புக் காற்றில் பிடித்துக்கொண்டால் பஞ்சர் அன்றைக்கு ரிம் கழராது. இறுக்கிய பிறகு பாரத்தைத் தாங்குவது நட்டின் இறுக்கம்தான், வளையத்துக்கு ரிம்மை நடுவில் நிறுத்துவது மட்டுமே வேலை. அதற்குப் பிளாஸ்டிக் தாராளமாகப் போதும்.

நட் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஓடும்போது சில்லு கழன்று போவது இதில்தான். டொயோட்டாவின் கம்பனி அலோய் பலவற்றுக்கு அடியில் தட்டையான வாஷர் உள்ள நட். ஹொண்டாவுக்கு உருண்டை அடி. வெளிச் சந்தை ரிம் பெரும்பாலானவற்றின் துளை 60 பாகைக் கூம்பு. கூம்புத் துளையில் உருண்டை நட்டைப் போட்டால் மெல்லிய ஒரு கோட்டில்தான் இரண்டும் தொடும். அன்றைக்கு இறுகின மாதிரி இருக்கும். ஓட ஓட அந்தக் கோடு தேய்ந்து நட் தளரும். அப்புறம் புரி, அதாவது போல்ட்டில் ஓடும் சுருள் வரி. டொயோட்டாவும் ஹொண்டாவும் 12 மி.மீ. போல்ட்டில், வரிக்கு வரி 1.5 மி.மீ. இடைவெளி உள்ள புரி. சுசுகியும் நிசானும் அதே 12 மி.மீ., ஆனால் புரி 1.25. டொயோட்டா அக்வாவில் இருந்து கழற்றிய ரிம் செட்டை நட்டோடு வாங்கி சுசுகி வேகன் ஆருக்குப் போடும்போது, கையால் இரண்டு சுற்று போய் நட் நிற்கும். அந்த இடத்தில் நிறுத்தவேண்டும். கன்னைப் பிடித்து ஏற்றினால் போல்ட்டின் புரி போய்விடும். ஆகவே எந்தக் கடையில் பூட்டினாலும், முதலில் கையால் கடைசிவரை சுற்றி, பிறகு குறுக்கும் நெடுக்குமாக, கடைசி இறுக்கத்தை, எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் செய்யச் சொல்லுங்கள். டொயோட்டாவின் சிறிய கார்களுக்கு 103 நியூட்டன் மீட்டர். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை பார்க்கவேண்டும். அதற்குக் காசு கேட்கிற கடைக்குப் போகவேண்டாம்.

கேஈ70காரர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். உங்கள் வாகனம் நாலு துளை 114.3. சந்தையில் நிறையக் கிடைப்பது நாலு துளை 100. லேத் கடையில் கொடுத்துப் புதிதாகத் துளை அடித்துத் தரச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பழைய துளைக்கும் புதுத் துளைக்கும் இடையில் மிஞ்சுகிற மெல்லிய உலோகத்தில்தான் வெடிப்பு தொடங்கும்.

ஆறு ஸ்போக் டிசைனுக்கு மூலம் 1996இல் ரேய்ஸ் கம்பனி வெளியிட்ட டிஈ37. அது அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ் ரிம், பாரம் குறைவு, பலம் அதிகம். நம் பெடியன்கள் வாங்குவது அதே தோற்றத்தில் உருக்கி வார்த்த பிரதி. வார்ப்பு என்பதற்காக மோசம் இல்லை; கம்பனி ரிம்மும் வார்ப்புதான். ஆனால் பாரம் கூடுதலாக இருக்கும், அக்வா போன்ற ஹைபிரிட்டில் அது எரிபொருளிலும் தெரியும். ரிம்மின் உட்பக்கம் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பான் தரக் குறிகளும் தாங்கும் பாரமும் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். குறியைப் போலியாகவும் வார்க்கலாம்தான். குறியே இல்லாத ரிம்மைத் தொடவே வேண்டாம்.

வான் ஓட்டுகிறவர்கள் இதை அவசியம் கவனியுங்கள். ஹையேஸின் வழமையான 195/80 ஆர் 15 டயரில் 107/105 என்று இருக்கும். 107 என்றால் ஒரு டயர் 975 கிலோ தாங்கும். 18 அங்குலத்துக்கு மாறும்போது 225/50 ஆர் 18 என்ற கார் டயரைப் போடுகிறார்கள். அதன் குறி 95, தாங்குவது 690 கிலோ. சீட் நிறைய ஆட்களும் மேலே சாமானுமாகக் கதிர்காமம் போகிற வானில் இது வேண்டாம். ரிம்முக்கும் ஜேடபிள்யூஎல்-டி என்று இலகுரக லொறி, வான்களுக்குரிய குறியைத் தேடுங்கள். பயணிகளின் உயிர் உங்கள் கையில் இருக்கிறது.

அங்குலம் கூடினால் டயரின் பக்கச் சுவர் குறுகும். 175/65 ஆர் 15இல் சுவர் 114 மி.மீ.; 195/50 ஆர் 16இல் 97.5; 195/40 ஆர் 17இல் 78. மார்கழி மழையில் தண்ணீருக்கு அடியில் குழி தெரியாது. 97.5 மி.மீ. ஓரளவு தாங்கும், 78இல் அடி நேராக ரிம்முக்குப் போகும். அக்வாவுக்கு 16ஓடு நிறுத்துங்கள் என்பது என் கருத்து.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த ஊரில் வேலை செய்வதில் அர்த்தமில்லை. உப்புவெளி, நிலாவெளி வாகனங்களில் டயர் உட்காரும் விளிம்பில் வெள்ளைத் தூள் படிந்து, அதன் வழியாக மெல்லக் காற்றுப் போகும். ஆணி எதுவும் இல்லாமல் கிழமைக்கொருமுறை காற்று அடிக்கிறீர்கள் என்றால் இதுதான் காரணமாக இருக்கக்கூடும். டயரைக் கழற்றி விளிம்பைத் துப்புரவு செய்தால் தீரும். முகம் கடைந்து பளபளப்பாக்கிய ரிம்களில் மேல் பூச்சு ஒரு இடத்தில் விட்டால் போதும், அடியில் நூல் நூலாக அரிப்பு ஓடும். கடற்கரைக்குப் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரால் உட்பக்கமும் சேர்த்துக் கழுவுங்கள். ஒட்டுமொத்தமாக, முழுக்கப் பெயின்ட் அடித்த ரிம்தான் இங்கே நீடிக்கும். குரோம் உரியத் தொடங்கினால் பிறகு ஒன்றும் செய்யமுடியாது.

பாவித்த ரிம் வாங்கக் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் முகத்தைப் பார்த்து வாங்காமல், திருப்பி உட்பக்க விளிம்பைப் பாருங்கள். வெல்டிங் தடம், புதிதாக அடித்த பெயின்ட் திட்டு, தட்டி நிமிர்த்திய நெளிவு இருந்தால் விட்டுவிடுங்கள். சூடேற்றிப் பதப்படுத்திய அலுமினியத்தில் வெல்டிங் செய்தால் அந்த இடத்தின் பதம் போய்விடும்.

பூட்டியபின் இரண்டு சாமான்களைப் பத்திரமாக வையுங்கள். ஒன்று, ஒடுங்கிய புது நட்டுகளோடு, அவற்றைக் கழற்றுவதற்கென்றே வரும் சாவி. அது வீட்டு மேசையில் இருக்க, யானை கடக்கிற ஹபரணைக் காட்டுப் பாதையில் இரவில் டயர் போனால், வாகனத்தை விட்டு இறங்கவும் பயம், இறங்கினாலும் சில்லைக் கழற்றமுடியாது. மற்றது பழைய நட்டுகள். ஸ்பெயார் சில்லுக்கு இரும்பு ரிம் என்றால் அதற்குரிய கூம்பு நட்டுகள் தேவைப்படலாம். புது ரிம் பூட்டுகிற அன்றைக்கே ஸ்பெயாரையும் ஒருமுறை போட்டுப் பார்த்து, அதற்குப் பொருந்துகிற நட்டுகளை ஒரு பையில் கட்டி ஸ்பெயார் சில்லோடு வைத்துவிடுங்கள்.