டயாலிசிஸ் நோயாளிக்கு டியூப் உணவு: தண்ணீர்தான் கணக்கு

ஹீமோடயாலிசிஸ் (மெஷினில் ரத்தத்தைச் சுத்திகரிப்பது) ஒருமுறை நடந்தால், புரதத்தின் கூறான அமினோ அமிலம் 6 முதல் 12 கிராம் கழிவோடு போய்விடும். பசியும் மந்தம். சத்துப்பானம் குடித்தும் உடம்பு இளைத்துக்கொண்டே போனால், மூக்கு வழியே இரைப்பைக்கு மெல்லிய குழாய் போட்டு வீட்டிலேயே உணவு கொடுக்கலாம். மாதக்கணக்கில் தேவைப்பட்டால் வயிற்றில் துளையிட்டு 'பெக்' டியூப் வைப்பார்கள். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவருக்கு அந்தத் துளையே கிருமிக்கு வாசலாகலாம் என்பதால் யோசித்துத்தான் செய்வார்கள்.

50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு ஏறக்குறைய 1500 கிலோகலோரியும் 60 கிராம் புரதமும் வேண்டும். சாதாரண டியூப் உணவு மில்லிக்கு 1 கிலோகலோரி. 1500 மில்லி கொடுத்தால் அதில் 1275 மில்லி தண்ணீர்தான். சிறுநீர் வராதவருக்கு நாளுக்கு அதிகபட்சமே ஒரு லிட்டர்தான். டயாலிசிஸுக்கென்றே வரும் உணவு மில்லிக்கு 1.8 கிலோகலோரி, பொட்டாசியமும் பாஸ்பரஸும் குறைவு. ஐந்து வேளைக்கு 170 மில்லி வீதம் 850 மில்லி போதும். அதில் தண்ணீர் 620 மில்லி. குழாயைக் கழுவ வேளைக்கு 30 மில்லி முன்னால், 30 மில்லி பின்னால்: அது 300. ஆக 920. மாத்திரை கரைக்கும் தண்ணீரையும் இதில்தான் எழுத வேண்டும். கஞ்சித் தெளிவுக்கும் பருப்புத் தண்ணீருக்கும் இந்தக் கணக்கில் இடமே இல்லை. இளநீரில் பொட்டாசியம் வேறு.

ஒவ்வொரு வேளையும் மூக்கருகே குழாயில் போட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குழாய் வழியே உறிஞ்சிய நீரின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) 5.5-க்குள் இருந்தால் குழாய் இரைப்பையில்தான் இருக்கிறது. காற்றடித்து ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்பதை நம்ப வேண்டாம். நுரையீரலுக்குள் போன குழாயும் அப்படியே ஒலிக்கும். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, பிஸ்டனைக் கழற்றிய சிரிஞ்சில் ஊற்றி, தானாக இறங்க விடுங்கள். முடிந்ததும் ஒரு மணி நேரம் படுக்க விடாதீர்கள்.

அடைப்புக்குப் பெரும்பாலும் மாத்திரைதான் காரணம். பாஸ்பரஸைக் கட்டும் செவலமர், தண்ணீர் பட்டதும் உப்பிப் பசையாகும். அதைப் பொடித்துக் குழாயில் போடவே கூடாது. அடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரை 50 மில்லி சிரிஞ்சில் எடுத்து மெல்லத் தள்ளி இழுங்கள். சின்ன சிரிஞ்சின் அழுத்தம் குழாயைக் கிழித்துவிடும். கம்பி விடுவது ஆபத்து.

முதல் வாரம்தான் கவனம் தேவை. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் மாவுச்சத்து திடீரென நுழைந்தால் இன்சுலின் ஏறும். ரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் செல்லுக்குள் ஓடிவிடும். வருடக்கணக்காகப் பாஸ்பரஸைக் குறைக்க மாத்திரை விழுங்கியவருக்கே அது ஆபத்தான அளவுக்குச் சரியும். தசை தளரும், மூச்சு திணறும், இதயத் துடிப்பு தடுமாறும். அதனால் தேவையில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். பாஸ்பரஸ் மாத்திரையை நிறுத்தவும் சொல்லலாம்.

சதை கூடத் தொடங்கியபின் 'ட்ரை வெயிட்'டை, அதாவது கூடுதல் நீரெல்லாம் எடுத்தபின் இருக்க வேண்டிய எடையை, மாற்றியாக வேண்டும். பழைய எண்ணிலேயே விட்டால், சதையால் கூடிய எடையையும் நீர் என்று நினைத்து மெஷின் உறிஞ்சும். டயாலிசிஸ் முடியும் நேரத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், பிரஷர் இறங்கும்.