சுணை பட்ட கண்ணும் பக்கத்து வீட்டுத் துளிமருந்தும்

காலபோக அரிவுவெட்டு இன்னும் முடியவில்லை; அதற்குள் இதே கதையோடு வந்த இன்னொரு கண்ணையும் இன்று பார்த்தேன். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஒருவர், நெல் தூற்றும்போது சுணை விழுந்த கண்ணைச் சாரத்தின் நுனியால் கசக்கித் துடைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் மிஞ்சியிருந்த துளிமருந்தைப் பத்து நாள்கள் விட்டிருக்கிறார். கருவிழியின் நடுவே சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல் ஒரு புண். அதன் ஓரம் இறகுபோல் பிசிர்விட்டுப் பரவியிருக்க, கீழே சீழ் தங்கி நின்றது. பங்கசு (பூஞ்சை) தொற்றிய புண் பெரும்பாலும் இப்படித்தான் தோன்றும்.

“விட்டவுடன் சிவப்புக் குறைந்தது, டொக்டர்” என்றார். இந்த ஒரு வசனத்தை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! சிவப்பு என்பது நோயன்று. கிருமியை எதிர்த்து உடல் செய்யும் போரின் அடையாளம். அத்தகைய மருந்துகள் பலவற்றில் ஸ்டீரொய்ட் உண்டு. அது அந்தப் போரைத்தான் அடக்குகிறது, பங்கசை அன்று. ஆகவே கண் வெளுக்க, நோவு தணிய, உள்ளே புண் தடையின்றி ஆழமாகிறது. சத்திரசிகிச்சை செய்த கண்ணுக்கு நன்மை செய்த அதே மருந்து, சுணை கீறிய கண்ணைக் கெடுத்துவிடும்.

இதைச் சாதாரண கண்ணோய் என்று எண்ணுவதும் தவறு. கண்ணோயில் பெரும்பாலும் இரு கண்களும் சிவந்து பீளை கட்டும், பார்வை அதிகம் மங்காது. புண்ணிலோ அடிபட்ட ஒரு கண் மட்டும் நொந்து, நீர் வடிந்து, வெளிச்சத்துக்குக் கூசி, பார்வை மங்கும்.

இந்தப் புண்ணுக்குப் பங்கசைக் கொல்லும் நற்றாமைசின் 5% துளிமருந்தைத் தொடக்கத்தில் மணிக்கொரு தடவை, பின்பு பல வாரங்களுக்கு விடவேண்டும். புண் ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கலாம். அப்போது விழிப்படலத்தை, அதாவது கருவிழியின் தெளிந்த முன்படலத்தை, மாற்றவேண்டி வரலாம். 1961இல் தொடங்கிய இலங்கை கண் தானச் சங்கம் வெளிநாடுகளுக்கும் விழிப்படலம் அனுப்பிவருகிறது. ஆயினும் கிருமி அரித்த கண்ணில் மாற்று விழிப்படலம் நிலைப்பது கடினம்.

தூற்றும்போதும் சூடடிக்கும்போதும் கண்ணாடி அணியுங்கள். தூசி விழுந்தால் சுத்தமான நீரால் கழுவுங்கள். கசக்காதீர்கள், நாக்கால் எடுக்காதீர்கள், தாய்ப்பால் விடாதீர்கள். மறுநாளும் உறுத்தினால் கண் கிளினிக்குக்கு வாருங்கள். பார்வை மங்கினால் மறுநாள் வரைகூடப் பொறுக்காதீர்கள். வரும்போது இதுவரை விட்ட மருந்துப் போத்தலையும் கொண்டு வாருங்கள். ஏசுவார்கள் என்று பயந்து அதை வீட்டில் ஒளித்துவிட்டு வராதீர்கள், தயவுசெய்து. அதன் பெயரைப் பார்த்தால்தான் எதை உடனே நிறுத்தவேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.