சொந்தக் கேரவன் வாங்கும் முன் ஆர்.சி.யைப் படியுங்கள்

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டைக் கழற்றி, கட்டில் போட்டு, ஓரத்தில் சின்ன அடுப்படியும் கழிப்பறையும் வைத்து ஊர் சுற்றும் ஆசை ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இப்போது பலருக்கும் இருக்கிறது. நல்ல ஆசைதான். சென்னை, பெங்களூரு, சேலம், புதுச்சேரி என்று எல்லாப் பக்கமும் சாலை பிரிகிற ஊர் கிருஷ்ணகிரி. வயதான அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால், வழியில் கழிப்பறை தேடி அலைய வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி. குழந்தை தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம். லாட்ஜ் வாடகை கிடையாது.

ஆனால் இந்த வண்டி வருஷா வருஷம் எவ்வளவு இழுக்கும், வழியில் எத்தனை இடத்தில் நிறுத்துவார்கள் என்பதையெல்லாம் தீர்மானிப்பது ஆர்.சி. புத்தகம், அதாவது வண்டியின் பதிவுச் சான்று. அதில் மூன்று வரிகளைப் பாருங்கள்: வண்டி வகை, பாடி வகை, இருக்கை எண்ணிக்கை. வண்டிக்குள் இருப்பதும் அந்த வரிகளும் ஒத்துப்போக வேண்டும்.

முதலில் ஓன் போர்டா (சொந்த உபயோகம்), டி போர்டா (வாடகை வண்டி) என்பது. மத்திய அரசு 2004-இல் வெளியிட்ட வாகன வகைப்பாட்டு அறிவிக்கையில், சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் போக்குவரத்து அல்லாத வாகனப் பட்டியலில் இருக்கிறது. அதாவது வெள்ளை நம்பர் பிளேட். இந்த வகைக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும், அதற்கு மேல் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். பர்மிட் தொல்லை இல்லை. டி போர்டு என்றால் கதை வேறு. பர்மிட் வேண்டும். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று முதல் 8 ஆண்டுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை, அப்புறம் ஆண்டுதோறும். வாடகைக்கு விடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் டி போர்டுதான் சரியான வழி. ஓன் போர்டில் வைத்துக்கொண்டு தெரிந்தவர்களுக்கு மட்டும் காசுக்கு விடுகிறேன் என்பது விபத்து நடக்கும் நாளில் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் செல்லாது.

அடுத்து பாடி மாற்றம். பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, வண்டி தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும் விதத்தில் உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொல்லிவிட்டது. மீறினால் 182-ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 13 சீட் என்று ஆர்.சி.யில் இருக்கும் வண்டியில் 4 சீட்டும் ஒரு கட்டிலும் இருந்தால், பிரேக் இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்த நிமிடமே தெரிந்துவிடும்.

அப்படியானால் கேரவன் கட்டவே முடியாதா? முடியும், அதற்கு முறை இருக்கிறது. மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி இருக்கிறது. அதன்படி பாடி கட்டி, அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் ஒப்புதல் வாங்கியிருக்கும் நிறுவனத்திடம் வண்டியைக் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட மையங்களில் புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது, நம் மாநிலத்திலேயே சென்னை அருகே ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. இருக்கிறது. பாடி கட்டுகிறவரிடம் முன்பணம் கொடுக்கும் முன் அந்த ஒப்புதல் சான்றின் நகலைக் கேளுங்கள். அதில் உங்கள் வண்டியின் மாடல் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நாங்க பாத்துக்கறோம் சார்" என்ற பதில் மட்டும் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வேலை நன்றாகவே இருக்கலாம், ஆனால் காகிதம் இல்லாத வேலைக்கான பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான் விழும். வண்டி மேல் கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் தேவை. முறைப்படி செய்த மாற்றத்தை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். கிருஷ்ணகிரி டி.என். 24, தருமபுரி டி.என். 29, ஓசூர் டி.என். 70: உங்கள் முகவரி எந்த அலுவலகத்துக்குள் வருகிறதோ அங்கே. வரி எந்தக் கணக்கில் வரும் என்பதையும் அங்கேயே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

வருஷத்துக்கு நான்கைந்து தடவைதான் போகப் போகிறோம் என்கிற குடும்பத்துக்கு என் யோசனை வேறு. சீட்டில் கை வைக்காதீர்கள். மடக்குக் கட்டில், தனி ஸ்டவ், தூக்கிவைக்கும் தண்ணீர் கேன், கையடக்க பேட்டரி பெட்டி என்று இறக்கி ஏற்றுகிற பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. விவரம் எதுவும் மாறுவதில்லை. பாடி கட்டுவதற்குப் போகும் லட்சங்களும் மிச்சம்.

காய்கறி ஏற்றும் பிக்கப்பின் பின்னால் பெட்டி வைத்து, அதற்குள் ஆள் உட்கார்ந்து வருவதையும் இப்போது பார்க்கிறேன். அது சரக்கு வண்டி. வண்டி ஓடும்போது பின்னால் யாரும் இருக்கக் கூடாது, குழந்தைகளானால் கட்டாயம் கூடாது.

ஓசூர்க்காரர்கள் பெரும்பாலும் பழைய வண்டியைப் பெங்களூரில்தான் பிடிக்கிறார்கள். விலை குறைவாகத் தெரியும். விற்பவரிடம் படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய பிறகு முழுப் பணம் கொடுங்கள். வாங்கிய 30 நாளுக்குள் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டு வரி தனியாக வரும், அதையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். கர்நாடகத்தின் கே.ஏ. நம்பரிலேயே ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்பவர்களுக்கு: வேறு மாநிலப் பதிவு வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது நம்பர் வாங்கியே ஆக வேண்டும்.

லைசென்ஸ் விஷயத்தில் நல்ல செய்தி இருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வண்டிக்கு எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும், போக்குவரத்து வாகனத்துக்கும் அது செல்லும் என்று 2024 நவம்பர் 6-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. பெரும்பாலான டிராவலர்கள் இதற்குள் அடங்கிவிடும். ஆனால் எடையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 200 லிட்டர் தண்ணீர் என்றாலே 200 கிலோ. இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஒவ்வொன்றும் 50 கிலோவுக்கு மேல். இத்தனையும் ஏற்றிக்கொண்டு தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பிரேக் சூடேறும். மேலேயே கியரைக் குறைத்து, எஞ்சின் பிடியில் இறக்குங்கள். நியூட்ரலில் விடவே விடாதீர்கள். தண்ணீரை ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம். கேஸ் சிலிண்டரின் வால்வும் வண்டி ஓடும்போது மூடியே இருக்கட்டும்.

கிருஷ்ணகிரி, தொப்பூர் சுங்கச்சாவடிகளை அடிக்கடி கடப்பவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15-இல் வந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் பெரிய உதவி. தொடங்கியபோது அதன் விலை 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 தடவை, எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும்தான். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டும்தான். இங்கேயும் ஆர்.சி.யில் உள்ள வண்டி வகைதான் பேசும். டி போர்டுக்குக் கிடையாது.

ராத்திரி எங்கே நிறுத்துவது? பெட்ரோல் பங்க், கோயில் வாகன நிறுத்துமிடம், தெரிந்தவர் தோப்பு என்று எதுவானாலும் கேட்டுவிட்டு நிறுத்தினால் பிரச்சினை இல்லை. தளி பக்கம் மார்கழிக் குளிரில் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக் காபி குடிப்பது தனிச் சுகம். ஆனால் அஞ்செட்டி, ஒகேனக்கல் சாலைகளில் காட்டு ஓரத்தில் நிறுத்தித் தூங்காதீர்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று வனவிலங்குச் சரணாலயங்கள் இருக்கின்றன. அனுமதியில்லாமல் உள்ளே தங்குவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ராத்திரியில் யானை இறங்கும் சாலை அது.

வண்டியோடு படகையும் கட்டிக்கொண்டு போகலாமா என்றும் கேட்கிறார்கள். மோட்டார் பொருத்திய படகானால் 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி சர்வே சான்று, பதிவு, இன்சூரன்ஸ் மூன்றும் வேண்டும். துடுப்புப் படகுகளைப் பதியும் வேலையை உள்ளாட்சி அமைப்புகளிடம் கொடுக்க அதே சட்டம் மாநில அரசுக்கு இடம் தருகிறது. காற்றடைத்த சின்னப் படகுதானே என்று கிருஷ்ணகிரி அணையில் நீங்களாக இறக்கிவிடாதீர்கள், நீர்வளத் துறையிடம் முதலில் கேளுங்கள். ஒகேனக்கலில் சொந்தப் படகு எண்ணமே வேண்டாம். உரிமம் பெற்ற பரிசல் ஓட்டியோடு, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போவதுதான் அங்கே முறை. ஆற்றுக்குள் பாறை எங்கே, சுழல் எங்கே என்பது அவருக்குத்தான் தெரியும். கிளம்பும் முன், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடமான பிலிகுண்டுலுவில் நீர்வரத்தைச் செய்தியில் பார்த்துவிடுங்கள். நீர்வரத்து ஏறி மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிட்டால் அன்றைக்குப் பரிசலும் கிடையாது, ஆற்றில் குளிக்கவும் விடமாட்டார்கள்.