யூரியா யாருக்கும் சாப்பாடு இல்லை

காலபோகத்துக்கு, அதாவது மாரி நெல்லுக்கு, யூரியா எறிகிற நாட்கள் வந்தால் மிருக வைத்தியரான என் தொலைபேசி இரவிலும் ஓயாது. யூரியாவால் மாடு விழுந்தது என்று இந்த மாதம் இது நாலாவது அழைப்பு. போன கிழமை, இரணைமடுக் குளத்துக்குக் கீழே ஒரு கிராமம். நான் போய்ச் சேர்ந்தபோது கறவை மாடு கொட்டிலுக்கு வெளியே சரிந்து கிடந்தது. வாயில் நுரை. இடது பக்க வயிறு பறை போல உப்பியிருந்தது. காதுமடலும் கண்ணோரத் தோலும் விடாமல் துடித்தன. பல்லை நறநறவென்று கடித்தது, ஒருமுறை பெரிதாகக் கத்தியது. அதோடு முடிந்துவிட்டது. ஒன்றரை மாதக் கன்று ஒன்று கயிற்றை இழுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றது.

"பாம்பு கடிச்சிட்டுது எண்டுதான் நினைச்சம் டொக்டர்" என்றார் வீட்டு அம்மா. விஷகடி வைத்தியரைத் தேடிப் போனதில் ஒரு மணித்தியாலம் போயிருந்தது.

நான் டோர்ச் வெளிச்சத்தில் கொட்டிலைச் சுற்றிப் பார்த்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. சுவரோடு சாத்தி வைத்த அரைப் பை யூரியா. கிடுகுக் கூரையின் தாழ்வாரத் தண்ணீர் நேரே அதன் மேல் ஒழுகி, பை கசிந்து, கீழே சட்டி அளவில் ஒரு குழி நிறைந்திருந்தது. குழியைச் சுற்றி மாட்டுக் குளம்படி. சேற்றில் நாக்கு வழித்த தடம்கூடத் தெரிந்தது.

பையைக் காட்டினேன். அந்த அம்மா நம்பவில்லை. "அது பயிருக்குப் போடுற சாப்பாடுதானே டொக்டர்? களைமருந்து எண்டா நான் பூட்டியெல்லோ வச்சிருப்பன்" என்றார். உண்மைதான். களைமருந்துப் போத்தல் தகரப் பெட்டிக்குள் பூட்டோடு இருந்தது. கவனமில்லாத வீடு என்று யாரும் சொல்ல முடியாது. தவறு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது: சாப்பாடு.

இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்த அம்மா மேல் இல்லை. இப்படிச் சொல்லிக் கொடுத்த எங்கள் எல்லார் மேலும்தான். கூட்டங்களில், வானொலியில், பசளைக் கடையில், பள்ளிக்கூடத்தில், எங்கும் "பசளை பயிரின் உணவு" என்றே சொல்லி வைத்திருக்கிறோம். உணவு என்று சொல்லிவிட்டால், மாடு கொஞ்சம் நக்கினால் சத்துத்தானே என்று நினைப்பது இயல்பு. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிர் பசளையைச் சாப்பிடுவதில்லை. பயிர் எதையுமே சாப்பிடுவதில்லை. தன் சாப்பாட்டைத் தானே சமைக்கிறது. காற்றில் இருக்கும் காபனீரொட்சைட்டு, வேர் இழுக்கும் தண்ணீர், இலையில் விழும் வெயில் ஆகிய மூன்றும் சேர்ந்து பச்சை இலைக்குள் மாப்பொருளாகிறது. உங்கள் வயலில் அறுக்கிற நெல்லின் நிறையில் பெரும்பங்கு காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மொண்ட் என்பவர் 200 இறாத்தல் காய்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோக் கன்று ஒன்றை நட்டார். ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் விட்டார். பிறகு நிறுத்தால் மரம் 169 இறாத்தல். மண்ணில் குறைந்தது ஏறக்குறைய இரண்டு அவுன்ஸ்தான். காற்றின் பங்கு அவருக்குத் தெரியாது; எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு செய்தார். ஆனால் மரம் மண்ணைத் தின்று வளர்வதில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அப்போ யூரியா எதற்கு? வீடு கட்ட அரிசியும் பருப்பும் வேண்டாம், சீமெந்து வேண்டும். யூரியா பயிருக்குச் சீமெந்து மாதிரி. அதில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். வயலில் விழுந்த யூரியாவை மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் சில நாட்களில் அமோனியாவாக உடைக்கும். அதைப் பயிர் வேரால் எடுத்து, இலையில் சமைத்த மாப்பொருளோடு சேர்த்துப் புரதம் கட்டிக்கொள்ளும். அந்தத் தொழிற்சாலை தாவரத்திடம் இருக்கிறது. எங்களிடம் இல்லை, ஆட்டிடம் இல்லை, நாயிடம் இல்லை.

தாவரத்துக்கும் விலங்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பிள்ளைகள் உடனே "விலங்கு நடக்கும், தாவரம் நடக்காது" என்பார்கள். மன்னார்க் கடலில் இருக்கும் முருகைக்கல் நடப்பதில்லை, அது விலங்குகள் கூட்டமாகக் கட்டியது. தொட்டாற்சுருங்கி தொட்டவுடன் அசைகிறது, அது தாவரம். நடை பெரிய விசயமில்லை. சமைக்கிறவர் யார், சமைத்ததைத் தின்கிறவர் யார் என்பதுதான் விசயம். தாவரம் மண்ணின் தாது உப்பையும் தண்ணீரையும் காற்றையும் வைத்துச் சமைக்கும். விலங்குக்குச் சமைத்த பொருளே வேண்டும்: புல், தானியம், அல்லது புல்லைத் தின்ற இன்னொரு உடம்பு. அதைத் தின்று, வேண்டிய புரதத்தை எடுத்து, மிஞ்சுகிற நைதரசனை ஈரல் யூரியாவாக்கி மூத்திரத்தில் வெளியே தள்ளுகிறது. மாடு கழித்து வெளியேற்றுகிற பொருளும் நீங்கள் பையில் வாங்குகிற பொருளும் ஒன்றுதான். உடம்பு வேண்டாம் என்று தள்ளியதைத் திரும்ப உள்ளே விட்டால் எப்படிச் சத்தாகும்?

இங்கே ஒருவர் எழுந்து, "நீங்கள்தானே டொக்டர் வைக்கோலுக்கு யூரியா போடச் சொன்னீங்கள்" என்று கேட்பார். எப்போதும் கேட்பார்கள். நல்ல கேள்வி. மாட்டின் முதலாம் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. புல்லைச் சமிக்கவைப்பது அவைதான். கொஞ்சம் யூரியா, மெதுவாக, போதிய தீனியோடு வந்தால் அவை அதைப் புரதமாக்கும். அந்தப் புரதம் மாட்டுக்குக் கிடைக்கும். மாடு தானே செய்கிற வேலை இல்லை, அதன் வயிற்றுக்குள் குடியிருப்பவை செய்கிற வேலை. அதற்காகத்தான் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா என்று அளந்து, தண்ணீரில் கரைத்துத் தெளித்து, தறப்பாளால் இறுக மூடி, ஒரு கிழமைக்கு மேல் வைத்திருந்து, பிறகு காற்றாட விட்டுக் கொடுக்கச் சொல்கிறோம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு அதையும் கொடுக்க வேண்டாம். கையால் அள்ளித் தூவிக் கொடுக்க யாரும் சொல்லவில்லை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

குழித் தண்ணீரில் கரைந்த யூரியா ஒரேயடியாக உள்ளே போனால், வயலில் நாள்கணக்கில் நடக்கிற உடைவு வயிற்றுக்குள் நிமிடக்கணக்கில் நடந்துவிடும். மாட்டுக் கொட்டிலில் மூக்கைக் குத்துகிற நெடி இருக்கிறதே, அந்த அமோனியா இரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறுகிறது. ஈரல் சமாளிக்கப் பார்க்கும், முடியாது. அரை மணித்தியாலத்தில் துடிப்புத் தொடங்கலாம், சில மணித்தியாலத்தில் முடிந்துவிடும். நாயும் பன்றியும் இதே தண்ணீரைக் குடித்துவிட்டுத் தப்பிவிடுவதுண்டு, அவற்றுக்கு அந்த இரைப்பை இல்லை. மாடு, எருமை, ஆடு தப்புவது கடினம். நம் பட்டி மாடு ஒன்று 200 கிலோ என்று வையுங்கள். பழக்கமில்லாத மாடானால் 60 முதல் 100 கிராமிலேயே அவதி தொடங்கும், 200 கிராம் உள்ளே போனால் உயிர் போகலாம். ஒரு தேநீர்க் குவளைக்குள் அடங்குகிற அளவு. பசித்த மாடு இன்னும் சீக்கிரம் விழும். காலபோகத்தில் வயலெல்லாம் விதைத்து, மாடுகளைக் காட்டோரத்துக்குத் தள்ளிவிட்ட பிறகு எந்த மாடு வயிறு நிறைந்து வீடு திரும்புகிறது?

சரி, செய்ய வேண்டியவை. யூரியாப் பையைக் கொட்டிலில் வைக்காதீர்கள். கொட்டிலுக்குப் பக்கத்திலும் வேண்டாம், தாழ்வாரத்திலும் வேண்டாம். பரண் இருந்தால் பரணில், இல்லாவிட்டால் களைமருந்தைப் பூட்டுகிற அறையில், வாய் கட்டி வையுங்கள். வெறும் பையைக் கழுவிப் புண்ணாக்கு ஊறவைப்பது, தவிடு கட்டிவைப்பது, மழைக்கு மாட்டின் முதுகில் போர்த்துவது எதுவுமே வேண்டாம். கழுவிவிட்டோம் என்பீர்கள், அந்தக் கழுவல் தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள்? யூரியா கரைத்த வாளியும் பரலும் மாடு தண்ணீர் குடிக்கும் வாளியாக இருக்கக் கூடாது. வயலில் எறிந்த நாளில் வரம்போரம் சிந்தியதைக் கூட்டி அள்ளுங்கள், மாட்டை அந்தப் பக்கம் விடாதீர்கள். மாட்டுக்கு உப்பு கொடுங்கள். உப்புக்கு ஏங்குகிற மாடுதான் கண்டதையும் நக்குகிறது.

மாடு துடித்து, நுரை தள்ளி, வயிறு உப்பி நின்றால் முதலில் யூரியாவை நினையுங்கள், உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். மாடு நிற்கிறது, விழுங்குகிறது என்றால் மட்டும், அவர் சொல்படி, கடையில் விற்கிற சாதாரண வினாகிரியை அதே அளவு குளிர்ந்த தண்ணீரோடு கலந்து, தலையை உயர்த்தாமல், கடைவாயால் மெல்ல மெல்ல விடலாம். புளிப்பு அமோனியாவைக் கட்டிவைக்கும், குளிர் உடைவைத் தாமதப்படுத்தும். பெரிய மாட்டுக்கு 2 லீற்றர் வினாகிரியாவது வேண்டும். நாங்கள் குழாய் வைத்து 20 லீற்றருக்கு மேல் குளிர்ந்த தண்ணீரும் விடுவோம். சரிந்து கிடந்து கால் உதைக்கிற மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போகும், நாங்கள் வந்தும் பயனிருக்காது. செத்த மாட்டை அறுத்துப் பங்கு போடவும் வேண்டாம், ஆழமாகப் புதையுங்கள்.

அன்று இரவு அதே குழியில் வாய் வைத்த நாகு ஒன்றும் அங்கே நின்றது. காது துடிக்கத் தொடங்கியிருந்தது, ஆனால் நின்றது. பக்கத்து வீட்டில் ஊறுகாய் போட வாங்கி வைத்திருந்த வினாகிரி மூன்று போத்தல் கிடைத்தது. விடியற்காலை நாலு மணிக்கு அது ஏப்பம் விட்டு, வைக்கோல் ஒரு பிடி இழுத்தது. அந்த அம்மா அதற்குள் யூரியாப் பையைத் தானே தூக்கிக்கொண்டு போய் அறைக்குள் வைத்துவிட்டு வந்து, குழியை மண் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழைக்கும்போது மூன்றே விசயம் சொல்லுங்கள்: எதைக் குடித்தது, எப்போது, மாடு இப்போது நிற்கிறதா கிடக்கிறதா. அப்புறம் ஒழுங்கை முடக்கில் ஒருவரை டோர்ச்சோடு நிற்க வையுங்கள். இருட்டில் வீடு தேடியே இரண்டு மாட்டை இழந்திருக்கிறேன்.