செர்செட்சுங்: நிலைகுலைப்பு

கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீசான ஸ்டாசியைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தச் சொல் வந்தே தீரும். ஒருவரைக் கைது செய்யாமல், கைநீட்டி அடிக்காமல், அவருடைய வாழ்க்கையைக் குலைத்துப் போடும் முறைக்கு ஸ்டாசி வைத்த பெயர் செர்செட்சுங்.

'செட்சென்' என்றால் வைத்தல், இருத்துதல். 'செர்' என்ற முன்னொட்டு சேர்ந்தால், இருந்தது பிரிந்து உதிர்ந்துபோகும் பொருள் வரும். வேதியியலில் சேர்மம் சிதைவதற்கும், இலைதழை மட்குவதற்கும் ஜெர்மன் மொழியில் இன்றும் இதுதான் சொல்.

ஹிட்லர் ஆட்சியில் இது குடிமக்கள்மேல் சுமத்தப்பட்ட குற்றத்தின் பெயராக இருந்தது. 1938இல் இயற்றிய போர்க்காலத் தண்டனை ஆணையில், படையின் உறுதியைச் 'சிதைப்பது' மரண தண்டனைக்குரிய குற்றம். போரில் தோற்றுவிடுவோம் என்று பேசியதற்காகவே பலர் உயிரை இழந்தார்கள். ஸ்டாசி காலத்தில் சொல் அப்படியே திசை மாறியது. இப்போது சிதைப்பது அரசு, சிதைபவர் குடிமகன்.

ஏன் மாறியது? கிழக்கு ஜெர்மனி 1973இல் ஐ.நா.வில் சேர்ந்தது, 1975இல் மனித உரிமைகளை மதிப்பதாக உறுதி தரும் ஹெல்சிங்கி உடன்பாட்டில் கையெழுத்திட்டது. உலகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதிர்ப்பாளர்களைக் கூட்டம் கூட்டமாகச் சிறையில் அடைத்தால் பெயர் கெட்டுவிடும். ஆகவே 1976 ஜனவரியில், எரிக் மீல்க்கே ஸ்டாசிக்குத் தலைமை தாங்கிய அமைச்சராக இருந்தபோது, 1/76 என்ற வழிகாட்டு ஆணை வந்தது. செர்செட்சுங்கை எப்படிச் செய்வது என்று அது வகுத்துச் சொன்னது.

அந்த ஆணையைப் படித்தால் வயிறு எரிகிறது. ஒருவரின் நற்பெயரைக் கெடுக்க உண்மையான தகவலோடு, நம்பும்படியான, மறுக்க முடியாத பொய்யையும் கலக்க வேண்டும். தன்னம்பிக்கை போகும்வரை வேலையிலும் பழகும் வட்டத்திலும் தோல்விகளை ஏற்பாடு செய்ய வேண்டும். நண்பர்களுக்குள் சந்தேகத்தை விதைக்க வேண்டும். மொட்டைக் கடிதம், பெயர் சொல்லாத தொலைபேசி அழைப்பு எல்லாம் இதற்குக் கருவிகள். ஆளில்லாத வீட்டுக்குள் புகுந்து சுவரிலிருந்த படத்தை எடுத்துவிடுவார்கள், அலாரத்தின் நேரத்தை மாற்றிவைப்பார்கள். திருட்டுப் போனது எதுவும் இருக்காது. வெளியே சொன்னால் 'உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது' என்பார்கள். கொஞ்ச நாளில் அவருக்கே அந்தச் சந்தேகம் வந்துவிடும்.

இதற்கு ஆள்பலமும் இருந்தது. 1989இல் சுமார் 1.6 கோடிப் பேர் வாழ்ந்த நாட்டில் ஸ்டாசியின் முழுநேர ஊழியர்கள் ஏறக்குறைய 91,000 பேர், ஆள்காட்டிகள் சுமார் 1,89,000 பேர்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'சிதைத்தல்' வேர்ப்பொருளுக்கு நெருக்கம், ஆனால் அடித்து உடைப்பதுபோல ஒலிக்கிறது. 'உளவியல் சித்திரவதை' என்றால் விசாரணை அறைதான் நினைவுக்கு வரும். இங்கே பாதிக்கப்பட்டவர் தன் வீட்டில், தன் வேலையில், தன் நண்பர்கள் நடுவில்தான் இருந்தார். 'நிலைகுலைப்பு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வேலையும் பெயரும் போய்த் தன்மேலேயே நம்பிக்கை இழந்தவரை 'நிலைகுலைந்து போனார்' என்றுதானே சொல்கிறோம். இருத்திவைத்தது குலைகிறது என்ற வேர்ப்பொருளும் இதில் நிற்கிறது.

ஆனால் மேலதிகாரியின் தொல்லைக்கோ இணைய வசைக்கோ இதைப் பயன்படுத்தக் கூடாது. அரசு அமைப்பு, திட்டம், கோப்பு மூன்றும் இருந்தால்தான் நிலைகுலைப்பு. ஜெர்மனியில் இது சட்டச் சொல்லாகவும் இருக்கிறது. கிழக்கு ஜெர்மனி அரசால் பாதிக்கப்பட்டவர்களுக்கான, 2019இல் திருத்திய மறுவாழ்வுச் சட்டத்தின்படி, 'நிலைகுலைப்பு நடவடிக்கை'களுக்கு ஆளானவர் ஒருமுறை 1,500 யூரோ இழப்பீடு பெறலாம். பெரும்பாலும் கோப்புகள்தான் அதற்குச் சான்று. ஆட்சி சரிந்தபோது ஸ்டாசி அதிகாரிகள் கிழித்துப்போட்ட கோப்புகளோ, மீட்கப்பட்டவை மட்டும் ஏறக்குறைய 16,000 மூட்டை.