தாள் இல்லாத புத்தகத்துக்கு எதற்கு விலை என்கிறவர்களுக்கு

போன வாரம் கேரளத்துப் பாறசாலையிலிருந்து ஓர் ஆசிரியர் வந்திருந்தார். களியக்காவிளை தாண்டி, தமிழ்ப் புத்தகம் தேடி மார்த்தாண்டத்தில் எங்கள் கடைக்கு வருகிறவர். "உங்க புத்தகம் இதுல கிடைக்குது தம்பி" என்று போனை நீட்டினார். நாங்கள் பதிப்பித்த நூலை யாரோ ஸ்கேன் செய்த பிடிஎஃப். பக்க ஓரத்தில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல். 47ஆம் பக்கத்துக்கு அடுத்து 50. இந்த மாதத்தில் இப்படி வருவது நான்காவது முறை. "இ-புக்குக்கு 180 ரூபாய் போட்டிருக்கீங்களே, தாள் உண்டா, மை உண்டா?" என்று வேறு கேட்டார்.

சரி, கணக்கையே சொல்கிறேன். அந்த நூல் 200 பக்கம், 300 பிரதி, விலை 250 ரூபாய். தாள், அச்சு, பைண்டிங் எல்லாம் சேர்த்துப் பிரதிக்கு 70 ரூபாய். அதைக் கழித்துத்தான் 180 வைத்தோம். எழுதியவரின் ராயல்டி, மூன்று தடவை மெய்ப்புப் பார்த்தவரின் கூலி, அட்டை வரைந்தவரின் கூலி, எதுவும் தாளோடு போய்விடவில்லை. புத்தகக் கடைக்குக் கொடுக்கும் கழிவை இங்கே இணையக் கடை எடுத்துக்கொள்கிறது. அப்புறம் இ-புக்குக்கென்றே தனி வேலை இருக்கிறது. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றினால் கொம்பு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில் விழும். பக்கம் பக்கமாக உட்கார்ந்து திருத்த வேண்டும். வரியும் உண்டு. அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. இ-புக்குக்கு 18 சதவீதம் இருந்தது. 2018 ஜூலையில், அச்சிலும் வந்த நூல்களுக்கு மட்டும் 5 ஆக்கினார்கள்.

விலை அதிகம் என்று வேறொரு காரணத்துக்காகச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். இ-புக்கில் பெரும்பாலும் நீங்கள் வாங்குவது படிக்கும் அனுமதியைத்தான். பழைய புத்தகக் கடையில் போட முடியாது, பக்கத்து வீட்டுக்கு இரவல் தர முடியாது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் இ-புக் கடையை மூடியபோது, வாங்கிய புத்தகங்களும் வாசகர் கையை விட்டுப் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கென்று வைத்திருக்க நினைக்கும் நூலைத் தயவுசெய்து அச்சில் வாங்குங்கள். ஒரு தடவை படித்தால் போதும் என்பதற்கு இ-புக் நல்லது.

இலவசமாகத்தான் வேண்டுமா? நேர்வழியே இருக்கிறது. மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பு 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்துவிட்டால் அவர் எழுத்துக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஊர் கிரந்தசாலையில் (நூலகத்தில்) தமிழ் நூல் வாங்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தானே வாங்குவார்கள்?

வாட்ஸப்பில் பிடிஎஃப் வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், அழித்துவிடுங்கள். கையில் பணம் இல்லையென்றால் கடைக்கு வந்து சொல்லுங்கள். மூலை மடங்கிய பிரதிகள் பின்னால் ஒரு பெட்டியில் கிடக்கின்றன. பாதி விலைக்குத் தருகிறோம். அவற்றில் 48ஆம் பக்கமும் 49ஆம் பக்கமும் இருக்கின்றன.